விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே நல்ல சாப்பாடு: ஊருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக் காலத்தில் ஓர் ஊரின் உணவகங்கள் தம் இயல்பான நிலையில் இருப்பதில்லை. வழக்கமாக வந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர் போயிருப்பார்கள். அவர்கள் உட்காரும் மேசைகளில், அந்தச் சமையலறையை முன்பின் அறியாத கூட்டம் வந்து நிறைந்திருக்கும். அதே அடுப்பில், அதே ஆட்களைக் கொண்டு, அன்றாடம் வருவதைப்போல இருமடங்கு ஆர்டரைச் சமாளிக்க வேண்டியிருக்கும். காய்கறியும் மீனும் கொண்டுவந்து தருகிற மொத்த வியாபாரிக்கும் அது விடுமுறைதான். பரிமாற வருபவர் நான்கு நாள்களுக்கு முன்பு தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் சில நாள் தங்க வந்தவர்களும் அந்த ஊரின் சாப்பாட்டை முதன்முதலாகத் தேடிப் புறப்படுவது பெரும்பாலும் இந்த நெருக்கடியின் நடுவில்தான் என்பதால், ஓரிரு கசப்பான அனுபவங்களுக்குப் பிறகு "இந்த ஊரில் சாப்பாடே சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவுகட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த முடிவு தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. கூட்டத்தில் திணறும் ஒரு சமையலறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே போவது, எப்போது போவது, எதைக் கேட்டு வாங்குவது என்பவை எல்லாம் தாமாகவே தெளிவாகும். கீழே உள்ள படிகள் அந்தப் புரிதலிலிருந்து எழுந்தவை.

முதல் படி: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

உணவகத்தைத் தேடுவதற்கு முன்னால் நாள்காட்டியைப் பாருங்கள். விடுமுறைக் காலம் முழுவதும் ஒரே மாதிரியான கூட்டம் இருப்பதில்லை. விழா நாளுக்கு முந்தைய மாலையும் விழா நாளின் மதியமும்தான் உச்சம். விழா முடிந்த மறுநாள் பல இடங்கள் மூடிக் கிடக்கும். திறந்திருக்கும் இடங்களில் சரக்கு குறைவாக இருக்கும், ஏனென்றால் சந்தை மூடியிருந்த நாளில் புதிய பொருள் எதுவும் வந்திருக்காது. குறிப்பாக மீன் உண்ண விரும்புகிறவர்கள், மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளுக்கு மறுநாள் அதைத் தவிர்ப்பது நல்லது. விடுமுறைக் காலத்துக்குள்ளேயே வருகிற சாதாரண வேலைநாள்கள்தான் புதியவருக்கு ஏற்றவை. சமையலறை ஓரளவு மூச்சு விட்டுக்கொள்ளும் நாள்கள் அவை.

அடுத்தது நேரம். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையில் பெரும்பாலான சமையலறைகள் அடுப்பை அணைத்துவிடும். கடை திறந்திருக்கும் நேரம் வேறு, சமையலறை ஆர்டர் எடுக்கும் நேரம் வேறு. கடைசி ஆர்டர் கடை மூடுவதற்கு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்னதாகவே முடிந்துவிடும். ஒருமுறை பசியோடு இருந்த இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மதியம் இரண்டே முக்கால் மணிக்கு ஓர் உணவகத்துக்குப் போனேன். விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் சமையல் முடிந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை, கேட்காமல் போனது என் தவறு.

என் அனுபவத்தில், சமையலறை திறந்த முதல் அரை மணி நேரமே சாப்பிட மிகச் சிறந்த நேரம். எல்லாப் பொருளும் இருக்கும், அடுப்புக்காரர் களைத்திருக்க மாட்டார், பரிமாறுபவருக்கு நீங்கள் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். பந்திக்கு முந்து என்று நம் முன்னோர் சொன்னதை விடுமுறைக் கால உணவகங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இணைய வரைபடத்தில் காட்டப்படும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வழக்கமான நாள்களுக்கு உரிய நேரமாக இருக்கலாம். விடுமுறை நாள் நேரத்தை எல்லாக் கடைக்காரர்களும் அதில் மாற்றிப் பதிவதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இன்று திறந்திருக்கிறீர்களா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?

இரண்டாம் படி: இடத்தைத் தேடுங்கள்

ஊர்க்காரர்களிடம் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இங்கே நல்ல உணவகம் எது?" என்று கேட்டால், விருந்தாளிக்குக் காட்டத் தகுந்தது என்று அவர்கள் நினைக்கும் பெரிய இடத்தைச் சொல்வார்கள், விடுமுறைக் காலத்தில் அங்கேதான் கூட்டம் அலைமோதும். "நேற்று வெளியே சாப்பிட வேண்டியிருந்திருந்தால் நீங்கள் எங்கே போயிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். வாடகை வண்டி ஓட்டுபவர், மருந்துக்கடையில் நிற்பவர், தங்குமிடத்தில் அறை துடைப்பவர் என்று அந்த ஊரில் தினமும் உழைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். தங்குமிட வரவேற்பாளர் சொல்லும் பரிந்துரை சில இடங்களில் தரகுத் தொகையோடு தொடர்புடையது என்பதை நினைவில் வைத்து, அதை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இணைய மதிப்புரைகளைப் படிக்கும்போது சராசரி நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மதிப்புரைகளை "புதியவை முதலில்" என்று வரிசைப்படுத்தி, கடந்த சில வாரங்களில் எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். சமையற்காரர் மாறிய உணவகத்துக்கு மூன்று ஆண்டுக்கு முந்தைய புகழ் பயன்படாது. ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கொடுத்தவர்களைவிட, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்பதைப் பிரித்து எழுதியிருப்பார்கள். சென்ற ஆண்டு இதே விடுமுறை வாரத்தில் எழுதப்பட்ட மதிப்புரைகளைத் தேடிப் படிப்பது இன்னும் பயனுள்ளது. கூட்டத்தை அந்த உணவகம் எப்படித் தாங்குகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சியம் கிடையாது. வாடிக்கையாளர்கள் எடுத்த உணவுப் பட்டியலின் படங்களையும் பார்த்துவிடுங்கள், விலையும் வகையும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மிஷலின் கையேட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டயர் தயாரித்த மிஷலின் சகோதரர்கள் 1900-ஆம் ஆண்டு பிரான்ஸில் வண்டி ஓட்டிகளுக்காக வெளியிட்ட கையேடு அது. 1926 முதல் நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நின்று சாப்பிடத் தகுந்தது, இரண்டு என்றால் சுற்றிப்போயாவது சாப்பிடத் தகுந்தது, மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகத் தகுந்தது என்று பொருள். நட்சத்திர உணவகங்களில் விடுமுறைக் காலத்துக்கு இடம் பல வாரங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். ஆனால் அதே கையேட்டில் 1997 முதல் "பிப் குர்மான்" என்ற இன்னொரு அடையாளமும் தரப்படுகிறது. மிதமான விலையில் நல்ல உணவு தரும் இடங்களுக்கு உரியது அது. அந்தக் கையேடு வெளிவரும் ஊராக இருந்தால், புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான் என்பது என் கருத்து.

இந்தத் தேடலின் முடிவில் ஒரே ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுக்காமல், நடந்து போகும் தூரத்துக்குள் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் வரிசை நீண்டிருந்தால் பசியோடு தெருவில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது. பசித்த வயிற்றோடு எடுக்கும் முடிவு பெரும்பாலும் எதிரில் தெரியும் முதல் பலகையை நோக்கியே போகும்.

மூன்றாம் படி: முன்பதிவு

விடுமுறைக் காலத்தில் பல உணவகங்கள் ஒரு மேசையை ஒரே மாலையில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை நிரப்பும். ஆகவே பதிவு செய்யும்போது மேசை எவ்வளவு நேரத்துக்கு உங்களுக்கு உரியது என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் என்றால், முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு அது போதாது. முன்பணம் உண்டா, வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா, அன்று வழக்கமான பட்டியலா அல்லது ஒரே விலையில் தரப்படும் விழா விருந்து மட்டும்தானா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். விழா விருந்து மட்டும்தான் என்றால், உங்களில் குறைவாகச் சாப்பிடுகிறவரும் முழு விலை கொடுக்க நேரும்.

திட்டம் மாறினால் தயவுசெய்து அழைத்து ரத்து செய்யுங்கள். சொல்லாமல் வராமல் விடுகிறவர்களால் சிறு உணவகங்களுக்கு ஏற்படும் இழப்பு பெரியது. உங்களுக்காக வாங்கிய பொருள் வீணாகும், வாசலில் காத்திருந்த இன்னொரு குடும்பமும் இடமின்றித் திரும்பியிருக்கும்.

நான்காம் படி: வாசலில் நின்று பாருங்கள்

உள்ளே நுழையும் முன் ஒரு நிமிடம் நின்று கவனிப்பது பெரிய செலவுள்ள வேலையன்று. தூய்மைத் தரத்தை அரசே அளந்து வாசலில் ஒட்டச் செய்யும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. பிரிட்டனில், ஸ்காட்லாந்து தவிர மற்றப் பகுதிகளில், 0 முதல் 5 வரை மதிப்பெண் ஒட்டுத்தாள் உண்டு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை வாசலில் காட்டுவது கட்டாயம். நியூயார்க் நகரில் 2010 முதல் ஏ, பி, சி என்று எழுத்துத் தரம் ஒட்டப்படுகிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் கடையில் காட்டப்பட்டிருக்க வேண்டும், பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் இத்தகைய அடையாளம் எது என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு கடையிலும் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

அடையாளம் எதுவும் இல்லாத இடத்தில் கண்ணும் மூக்கும் போதும். கழிப்பறையில் சோப்பும் தண்ணீரும் இருக்கின்றனவா? வேலை செய்பவரும் அந்தச் சோப்பைக் கொண்டுதான் கை கழுவுகிறார். பணம் வாங்கும் கையே கழுவாமல் உணவையும் தொடுகிறதா? பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் ஒரே பலகையில், ஒரே கத்தியில் வெட்டப்படுகின்றனவா? தெருவோரக் கடையில் இவை அனைத்தையும் நேரில் பார்க்க முடியும் என்பது ஒரு நன்மை. மூடிய சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கண் முன்னே கொதிக்கக் கொதிக்கச் சமைத்து, வரிசையில் நிற்பவருக்கு உடனே கொடுத்து, சீக்கிரம் விற்றுத் தீர்த்துவிடும் சிறு கடையை, பலவற்றையும் முன்கூட்டியே சமைத்து வைத்திருக்கும் பெரிய உணவகத்தைவிட நான் அதிகம் நம்புவேன்.

ஐந்தாம் படி: பட்டியலைப் படித்தல்

நெருக்கடி நாளில் ஒரு சமையலறை எதை நன்றாகச் செய்யும்? தினமும் மிக அதிகமாகச் செய்வதைத்தான். பொருள் தொடர்ந்து விற்றுப்போவதால் பழையது தங்காது; கை பழகியிருப்பதால் அவசரத்திலும் பக்குவம் தவறாது. ஆகையால் நீண்ட பட்டியலில் யாரும் கேட்காத அரிய பண்டத்தைத் தேடிப் பிடிப்பதை வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். "இந்த வாரம் அதிகம் போவது எது?" என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். "எது நன்றாக இருக்கும்?" என்ற கேள்விக்கு எல்லாமே நன்றாக இருக்கும் என்ற பதில்தான் வரும்.

பக்கத்து மேசைகளில் என்ன இருக்கிறது என்றும் கவனியுங்கள். பல மேசைகளில் ஒரே பண்டம் இருந்தால் அதுவே உங்கள் விடை. பட்டியல் சுருக்கமாக இருக்கும் இடத்தை விடுமுறைக் காலத்தில் நான் விரும்புவேன், ஏனென்றால் நூறு வகையை ஒரே அடுப்பில் புதிதாகச் சமைப்பது நடவாத காரியம். நூறு வகை எழுதியிருந்தால் அவற்றில் பல உறைநிலைப் பெட்டியிலிருந்து வருகின்றன என்று கொள்ளலாம்.

முதல் முறை செல்லும்போது எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். நால்வர் போயிருந்தால் இரண்டு மூன்று பண்டங்களைச் சொல்லிப் பகிர்ந்து உண்டு, அளவையும் காரத்தையும் தெரிந்துகொண்டு பிறகு மேலும் கேளுங்கள். புதிய ஊரில் ஒரு தட்டின் அளவு எவ்வளவு என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. அதோடு, வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்கு முழுமையாகப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், பசி வேகத்தில் சொல்லும் ஆர்டர் எப்போதும் தேவையைவிட அதிகமாகவே இருக்கும்.

ஆறாம் படி: ஒவ்வாமை உள்ளவர்களுக்கு

இந்தப் பகுதியை ஒவ்வாமை இல்லாதவர்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் கூட வருபவர் யாருக்காவது இருக்கலாம். தற்காலிகப் பணியாளர் நிறைந்த காலத்தில் "இதில் நிலக்கடலை இல்லையே?" என்று போகிற போக்கில் கேட்டு, அவர் தலையசைப்பதை நம்பிச் சாப்பிடுவது ஆபத்து. உங்களுக்கு ஒவ்வாத பொருளின் பெயரை அந்த ஊர் மொழியில் தெளிவாக எழுதிய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் காட்டிவரச் சொல்லுங்கள். "பிடிக்காது" என்று சொல்லாமல் "சாப்பிட்டால் மருத்துவமனைக்குப் போக நேரும்" என்றே எழுதுங்கள். அந்தப் பொருளைப் பொரித்த எண்ணெயிலேயே உங்கள் உணவையும் பொரிப்பார்களா என்பது பலரும் கேட்க மறக்கும் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல் உணவகங்கள் உட்பட எல்லா விற்பனையாளரும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் பொட்டல உணவுகளில் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் வரிசையில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. இத்தகைய விதி உள்ள இடத்தில் எழுத்திலுள்ள தகவலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதில் சொல்பவர் தயங்கினால், அங்கே சாப்பிட வேண்டாம்.

ஏழாம் படி: பஃபே

விடுமுறைக் காலத்தில் ஏராளமான உணவகங்கள் பஃபே முறைக்கு மாறிவிடுகின்றன, ஏனென்றால் ஆள் குறைவாக இருக்கும்போது பெருங்கூட்டத்தைச் சமாளிக்க அதுவே எளிய வழி. புதியவருக்கும் அதில் லாபம் உண்டு. பெயர் தெரியாத பலவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாம். ஆனால் வெப்பநிலை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் விரைந்து பெருகுகின்றன. ஆகவே சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேலும், குளிராக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்திருக்கிறது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் அந்த 2 மணி நேரத்தை 1 மணி நேரமாகக் கொள்ளுங்கள்.

யாரும் வெப்பமானியோடு சாப்பிடப் போவதில்லை. ஆவி பறக்கிறதா என்று பார்க்கலாம், பாத்திரத்தின் அடியில் சுடுநீரோ சுடரோ இருக்கிறதா என்று பார்க்கலாம், குளிர்ந்த பண்டங்கள் ஐஸின் மேல் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கலாம். காலியாகப் போகும் பாத்திரத்தில் புதிய உணவை அப்படியே மேலே கொட்டினால் பழையதும் புதியதும் கலந்துவிடும். முழுப் பாத்திரத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதுதான் சரியான முறை. சோற்றைப் பற்றித் தனியாக ஒரு சொல். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகையால் ஆறிப்போன சோற்றைச் சூடாக்கித் தரச் சொல்வதைவிடப் புதிதாக வடித்ததைக் கேளுங்கள்.

பஃபேயில் ஏன் அளவு மீறிச் சாப்பிட்டுவிடுகிறோம்? ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மேல் ஆசை குறைந்துபோகும். வேறொரு சுவை எதிரில் வந்தால் ஆசை மறுபடி எழும். உடலின் இந்த இயல்பை அறிந்துகொண்டு, முதலில் தட்டெடுக்காமல் ஒருமுறை முழு வரிசையையும் நடந்து பார்த்துவிட்டு, பிறகு ஐந்தாறு பண்டங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். பொதுக் கரண்டியை நூறு கைகள் தொட்டிருக்கும் என்பதால், எடுத்து முடித்த பின்பு, சாப்பிட உட்காரும் முன்பு, சோப்புப் போட்டு 20 வினாடிகள் கை கழுவுங்கள். குளிர் நாடுகளில் பனிக்கால விடுமுறையின்போது அதிகமாகப் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ், கைகளைச் சுத்தப்படுத்தும் சாராயம் கலந்த திரவத்துக்கு அவ்வளவாக அடங்காது; சோப்பும் தண்ணீரும் தேவை.

எட்டாம் படி: குடிப்பவை

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குழாய் நீர் நம்பத்தக்கதா என்று தெரியாத ஊரில், உங்கள் முன்னால் மூடி திறக்கப்படும் புட்டி நீரையோ நன்றாகக் கொதித்த நீரையோ குடியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைப்பதென்றால் முழுக் கொதி வந்தபின் 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் 3 நிமிடமும் விட வேண்டும். உறைவதால் நுண்ணுயிர் சாவதில்லை என்பதால் ஐஸ் கட்டிக்கும் இதே கவனம் வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தரப்படும் தேநீரும் காபியும் பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் விடுமுறையில் கடைக்குக் கடை காபி சுவைத்துக்கொண்டே போகிறவர்கள், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் என்பதே உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு மேல் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னதையும், கருவுற்ற பெண்களுக்கு அது 200 மில்லிகிராம்தான் என்பதையும் மனத்தில் கொள்வது நல்லது.

மது அருந்துகிறவர்களுக்குச் சில விவரங்கள். "ஒரு அளவு" என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்: பிரிட்டனில் 8 கிராம் தூய சாராயம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். ஓரிடத்தில் பழகிய கணக்கை இன்னோரிடத்தில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. உடல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு 8 கிராம் என்ற வேகத்தில்தான் அதைக் கழிக்கும். காபியோ குளிர்ந்த குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது. ஆகவே குடிக்கப் போகும் மாலையில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். விடுமுறை இரவுகளில் வாடகை வண்டி கிடைப்பது அரிது என்பதால் திரும்பி வரும் வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் அவசியம்.

புட்டியில் அடைத்து முத்திரையிடாத சாராயத்தையும், யாரோ இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் கோப்பையையும் தொடாதீர்கள். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில், மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மது என்று ஐயுறப்படும் பானத்தைக் குடித்த வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். மெத்தனாலுக்குத் தனி நிறமோ நாக்கால் கண்டுபிடிக்கும் சுவையோ இல்லை. குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, கடும் வயிற்று வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, அதை வழக்கமான தலைவலி என்று எண்ணிப் படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறிவு மருந்து உண்டு. நேரத்தில் கொடுத்தால்தான் பயன்.

ஒன்பதாம் படி: பில்

பில் வந்ததும் மூன்று வரிகளைப் பாருங்கள்: நீங்கள் கேட்காத பண்டம் எழுதப்பட்டிருக்கிறதா, சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா, விடுமுறை நாளுக்கென்று கூடுதல் கட்டணம் உண்டா. சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தால் மேலும் அன்பளிப்பு தருவது உங்கள் விருப்பம். தருவதென்றால், அட்டையில் சேர்ப்பதைவிடப் பரிமாறியவர் கையில் பணமாகத் தருவதையே நான் விரும்புகிறேன். மற்றவர்கள் குடும்பத்தோடு இருக்கும் நாளில் அவர் நமக்காக நின்று வேலை செய்திருக்கிறார். வெளிநாட்டில் அட்டை மூலம் செலுத்தும்போது, உங்கள் நாட்டு நாணயத்திலா உள்ளூர் நாணயத்திலா என்று கருவி கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி முடிவு செய்யும், அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே இருக்கும்.

பத்தாம் படி: மீந்ததும் வயிற்றுக் கோளாறும்

மீந்ததைப் பார்சல் கட்டித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பாமல், 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அறையில் அந்த வசதி இல்லையென்றால் கட்டி எடுத்து வருவதைவிட, சாப்பிடக்கூடிய அளவுக்கே ஆர்டர் செய்வது நல்லது. பெட்டியில் வைத்ததை மூன்று நான்கு நாள்களுக்குள், நன்றாக ஆவி வரும்வரை சூடாக்கி உண்ணுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வயிறு கெடும். கெட்டுப்போன உணவால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. வயிற்றுப்போக்கு தொடங்கினால் முதல் வேலை, இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. மருந்துக்கடை உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஒன்றிரண்டைப் பயணப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் மருந்துக்கடையும் மூடியிருந்து, பொட்டலமும் கையில் இல்லையென்றால், 1 லிட்டர் தூய நீரில் தட்டையாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கலாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் விஷயத்தில் அவ்வளவு தூரம் காத்திருக்கவே கூடாது.

பதினொன்றாம் படி: திரும்பப் போங்கள்

ஊருக்குக் குடிவந்தவர்களுக்கு இந்தக் கடைசிப் படியே முதன்மையானது என்பேன். விடுமுறையில் போய் வந்த இடங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பிட்டீர்கள், கூட்டம் எவ்வளவு, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை. கூட்டம் கலைந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு சாதாரண வேலைநாளில், அவற்றில் இரண்டு இடங்களுக்குத் திரும்பப் போங்கள். ஒன்று உங்களுக்கு மிகவும் பிடித்த இடமாக இருக்கட்டும். மற்றொன்று ஏமாற்றம் தந்த இடமாக இருக்கட்டும். இரண்டிலும் முன்பு உண்ட அதே பண்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் சாப்பாடே சரியில்லை என்று நான் முடிவுகட்டக் காரணமாக இருந்த உணவகம், விடுமுறை இரவொன்றில் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்து ஆறிய தட்டைக் கொடுத்த சிறு கடை. பல மாதங்கள் கழித்து, மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஒதுங்க வேறு இடமில்லாமல் அதற்குள் நுழைந்தேன். அன்று மொத்தம் ஐந்து பேர்தான் இருந்தார்கள். அதே பண்டம் அடுப்பிலிருந்து நேராக என் மேசைக்கு வந்தது. இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே சாப்பிடுகிறேன், விடுமுறை வாரங்களில் மட்டும் போவதில்லை.